இலிங்காவின் பங்கு

ஸ்மராந்தா தட்டிவிட்ட வேகத்தில் நாத்தனார் கையிலிருந்த கரண்டி பறந்தது. சர்க்கரையும் வாதுமையும் கலந்து அவித்த கோதுமை புதுக் கல்லறை மண்ணில் சிதறியது. இறந்தவருக்கான கோலிவாவை மிதிப்பது பாவம் என்று கூட்டம் இரண்டடி விலகியது. ஸ்மராந்தாவின் ஏழு வயது மகள் இலிங்கா திறந்த வாயை மூட மறந்து நின்றாள்.

"ஏண்டி, எங்கப்பாவுக்கு வச்சதையா தட்டிவிடுறே?" என்று கத்தினாள் நாத்தனார் வேத்தா.

"கோதுமை இவளுக்கு ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியாதாக்கா?"

"ஒரு கரண்டிதானடி! கல்லைத் தின்னாலும் செரிக்கிற வயசு. இதைத் தின்னு 'கடவுள் அவரை மன்னிக்கட்டும்'னு சொல்லணும். சொந்தப் பேத்தியே மன்னிக்கலைன்னா அவர் எப்படிப் போய்ச் சேருவாரு?"

கால் ஊனம் என்றால் ஊர் உச்சுக் கொட்டியிருக்கும். இது குடலுக்குள் இருக்கும் நோய், யார் கண்ணுக்கும் தெரியாது. ஒரு துணுக்கு ரொட்டி போதும், குடல் புண்ணாகிவிடும் என்று மருத்துவர் சொன்னதை, தாய்க்காரியின் திமிர் என்று ஊர் மொழிபெயர்த்துக்கொண்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

இப்போது மண்ணுக்குள் போய்விட்ட மாமனார் கவ்ரில் இதில் எல்லோரையும் மிஞ்சியவர். "நாப்பது வருஷம் அறுப்பு மெஷின் ஓட்டினவன் பேத்திக்குக் கோதுமை விஷமாம்!" என்று சிரிப்பார். போன ஈஸ்டரில் கோழிக்கூண்டுக்குப் பின்னால் வைத்து இலிங்காவுக்கு இனிப்பு ரொட்டியை ஊட்டி, அம்மாவிடம் சொல்லாதே என்றார். ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் குழந்தைக்கு டிரிப்ஸ் ஏறியது. பார்க்க வந்தவர் வாசலில் நின்று, "ரொட்டி தின்னு யாராச்சும் செத்திருக்காங்களா?" என்றார். அன்றோடு ஸ்மராந்தா அவர் வீட்டுப்படி மிதிக்கவில்லை. தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லாமலே முந்தாநாள் அவர் செத்துப்போனார். பெட்டிக்குள் அந்த முகத்தைப் பார்த்தபோதும் அவளுக்கு ஆத்திரம் ஆறவில்லை.

கணவன் பாவெல் தன் ஷூ நுனியை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

இலிங்கா அம்மாவின் கோட்டைப் பிடித்து இழுத்தாள். அழுதிருந்தாள். "நான் திங்கலைன்னா தாத்தா மேல போக மாட்டாராம்மா? ஒரே ஒரு கோதுமை தின்னுடுறேனே. வயித்து வலியைப் பொறுத்துக்குறேன்."

ஸ்மராந்தா வேத்தாவின் கையிலிருந்த கோலிவாக் கிண்ணத்தைப் பிடுங்கினாள். "இது இலிங்காவோட பங்கு." நின்ற இடத்திலேயே நிதானமாக மென்று முழுங்கினாள். "இலிங்கா சொல்றா, கடவுள் அவரை மன்னிக்கட்டும்."

கூட்டம் பாதிரியாரைப் பார்த்தது. அவர் தலையசைத்தார்.

வேத்தா விடவில்லை. இன்னொரு கிண்ணத்தை நிரப்பி நீட்டினாள். "சரி. உன்னோடது?"

"எனக்குப் பசியில்லைக்கா."

கல்லறைத் தோட்டத்துக் குழாயில் தண்ணீர் பனிக்கட்டியாய்ச் சில்லிட்டது. முத்தம் கேட்டு நின்ற மகளைக் கையால் தள்ளி நிறுத்திவிட்டு ஸ்மராந்தா கைகளைத் தேய்த்துக் கழுவினாள். வாயைக் கொப்பளித்தாள், மறுபடியும் கொப்பளித்தாள். ஒரு கோதுமை மட்டும் பல்லிடுக்கில் சிக்கிக்கொண்டு வெளியே வரவில்லை.