பவரைக் குறைத்தது யார்?

ரங்கநாதன் தன் கடையின் கண்ணாடி மேசைமேல் மூன்று டிரிகர்களை எடுத்து வைத்து, "பாருங்க மேடம், உங்களுக்கு எது வேணும்?" என்றார். எனக்கு எது வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வீட்டில் படுத்திருக்கும் என் கணவரிடம் எதைக் கொண்டுபோய்க் காட்டுவது என்பதுதான் தெரியவில்லை.

டிரிகர் ஒன்றும் பெரிய சங்கதி இல்லை. கேமராவின் தலையில் ஒரு சின்னப் பெட்டி, தள்ளி நிற்கும் ஃப்ளாஷின் அடியில் இன்னொரு பெட்டி. நான் பட்டனை அமுக்கினால் இது ரேடியோவில் சொல்லும், அது கேட்டு ஃப்ளாஷை அடிக்கும். நடுவில் ஒயர் கிடையாது. மலிவான ரகம் இதை மட்டும்தான் செய்யும். வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டுமென்றால் யாராவது ஃப்ளாஷ் பக்கத்தில் நின்று அதன் பட்டனைத் தட்ட வேண்டும். விலை கூடின ரகத்தில் அந்த வேலையையும் கேமராவில் இருந்தபடியே நான் செய்துகொள்ளலாம். விளக்குப் பக்கத்தில் ஆளே தேவையில்லை.

எங்களுக்கு அந்த ஆள் வின்சென்ட்தான். கல்யாணம், ஞானஸ்நானம், புதுநன்மை என்று லிங்கராஜபுரத்தைச் சுற்றி எந்த வீட்டு விசேஷமானாலும் நான் படம் எடுப்பேன், அவர் கம்பில் ஃப்ளாஷைக் கட்டிக்கொண்டு ஒயரின் அந்த முனையில் நிற்பார். "பொண்டாட்டி படம் எடுக்கிறா, புருஷன் லைட்டு பிடிக்கிறான்" என்று கேலி பேசாத பந்தி கிடையாது. அவர் அசரமாட்டார். "மூஞ்சிக்கு வெளிச்சம் குடுக்கறவன் நான். இவ சும்மா பட்டன அமுக்கிக்கினு இருக்கா" என்பார். நான் வாய் திறப்பதற்குள் ஃப்ளாஷின் பவரைக் குறைத்திருப்பார், அல்லது நான் கேட்டாலும் குறைக்கமாட்டார். பூசை நடக்கும்போதே கிசுகிசுவென்று சண்டை போட்டிருக்கிறோம். ஃபாதர் ஒருமுறை பிரசங்கத்தை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்.

தவக்காலத்தில் ஆரம்பித்த இருமல் அவரை விடவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார். நுரையீரல் இறுகிக்கொண்டே போகிறது, இதற்கு மருந்து இல்லை, கிறிஸ்துமஸ் பார்ப்பது கஷ்டம் என்றார். வின்சென்ட் கே.ஜி.எஃப்.காரர். அவருடைய அப்பா அங்கே தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்து, தூசி தின்ற நுரையீரலோடு கட்டிலில் உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் தவித்துச் செத்தவர். அதைக் கூடவே இருந்து பார்த்தவரிடம் போய் உங்களுக்கும் அதுதான் என்று எந்த வாயால் சொல்வேன்? வார்டுக்குள் போய், "சளி கெட்டிப்பட்டிருக்காம். ஆக்சிஜன் மெஷின் வெச்சுக்கிட்டா ரெண்டு மூணு மாசத்துல கரைஞ்சிடுமாம்" என்றேன். பொய் சொன்னால் என் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அன்று காட்டிக்கொடுக்கவில்லை.

அதன்பிறகு தினமும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். மூக்கில் குழாயோடு கட்டிலில் கிடந்த அவர், நல்லானதும் என்னென்ன செய்ய வேண்டும் என்று திட்டம் போட்டுக்கொண்டே இருந்தார். நான் "சரி சரி" என்று தலையாட்டிக்கொண்டே இருந்தேன்.

ஜோகுபாளையத்தில் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு நான் தனியாகப் போனேன். ஃப்ளாஷை ஸ்டாண்டில் நிறுத்தி ஒயரை இழுத்துவிட்டிருந்தேன். பெண்ணின் அத்தை ஒயரில் கால் தடுக்கி, ஸ்டாண்டு கேக்கின்மேல் சாய்ந்துவிட்டது. அத்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவள் போட்ட கூச்சலில் என் மானம் போயிற்று. வீட்டுக்கு வந்து சொன்னபோது வின்சென்ட் சிரித்துச் சிரித்து இருமி, கடைசியில் டிரிகர் வாங்கிவிடலாம் என்று தீர்ப்புச் சொன்னார். இரண்டு நாள் போனில் அதே வீடியோக்களாகப் பார்த்தார்.

"கம்மி வெலையுது போதும் பிரிசி. கேமராவுலயே பவர மாத்தற ஐட்டம் நமக்கு இன்னாத்துக்கு? அதெல்லாம் ஆளு இல்லாதவனுக்கு. ரெண்டு மாசத்துல நான் வந்துருவேன்ல?"

"அதுவரைக்கும் நான் என்ன பண்றது?"

"ஓடி ஓடி மாத்து. ஒடம்பு எளைக்கும்."

இப்போது புரிந்திருக்கும். விலை கூடின பெட்டியை அவர் முன்னால் வைத்தால், நீங்கள் வரப்போவதில்லை என்று நானே அவர் முகத்துக்கு நேராகச் சொன்ன மாதிரி. மலிவான பெட்டியை வைத்துக்கொண்டு கோயிலுக்குள் தனியாக வேலை செய்யவும் முடியாது. மணப்பெண் பீடத்தை நோக்கி நடந்து வரும்போது நான் விளக்குக்கும் கேமராவுக்குமாக ஓடிக்கொண்டிருந்தால் அவள் அதற்குள் தாலி கட்டிக்கொண்டு போய்விடுவாள். சனிக்கிழமை பிரேசர் டவுனில் கல்யாணம் இருந்தது.

"இதுவும் அதுவும் ரெண்டுமே குடுங்க" என்றேன்.

ரங்கநாதன் விலை கூடினதைத் தொட்டுக் காட்டினார். "இது இருந்தா அது வேஸ்ட்டு மேடம். சும்மா எதுக்கு ரெண்டு?"

"வாங்கறவ நான். உங்களுக்கு என்ன வந்துச்சு?" என்று எரிந்து விழுந்தேன். கடையில் இருந்த இன்னொருவர் திரும்பிப் பார்த்தார். ரங்கநாதன் கோபப்படவில்லை, பெட்டிகளையும் எடுக்கவில்லை, பேசாமல் நின்றார். அந்த மௌனத்தில் எனக்கு என்ன ஆயிற்றோ, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சென்னையில் இருக்கும் என் தங்கை குளோரியாவிடம்கூடச் சொல்லாததை, முன்பின் தெரியாத ஒரு மனிதரிடம், பேட்டரி அட்டைகள் தொங்கும் சுவருக்குப் பக்கத்தில் நின்று சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். அந்த மாதிரி நேரத்தில் எல்லோரும் சொல்லும் ஆறுதல் எதையும் சொல்லவில்லை. இரண்டிலும் பேட்டரி போட்டு அடித்துப் பார்த்தார், விலை கூடினதில் பவரை எப்படித் திருப்புவது என்று பொறுமையாகக் காட்டிக்கொடுத்தார். பையில் போடும்போது மட்டும், "எத மேல வைக்கட்டும் மேடம்?" என்று கேட்டார்.

வின்சென்டுக்கு அந்த மலிவான பெட்டியைப் பார்த்ததும் அவ்வளவு குஷி. தலையணையை நிமிர்த்தி உட்கார்ந்து, பூட்ஸ் கயிற்றில் ஒரு துண்டு வெட்டி, ஃப்ளாஷில் இருந்து கழன்று விழாதபடி அதற்கு ஒரு சுருக்குப் போட்டார். "சேனல மாத்தி வெச்சிருக்கேன். எல்லாரும் ஒண்ணாம் நம்பர்லயே விட்டுருவான். பக்கத்து ஹால்ல எவனாவது அமுக்கினா நம்ம லைட்டு அடிச்சிக்கும்" என்றார். பிறகு மூச்சு வாங்கச் சாய்ந்துகொண்டு, "நான் வந்தா ஒயரே இல்ல பாரு, எங்க வேணா போய் நிப்பேன். உன் வாய்க்குத் தப்பிச்சு பால்கனி மேல ஏறிக்குவேன்" என்றார். நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இன்னொரு பெட்டி லென்ஸ் பைக்கு அடியில் இருந்தது.

சனிக்கிழமை அதைத்தான் கேமராவில் மாட்டினேன். விளக்கைத் தூண் பக்கம் நிறுத்திவிட்டு அதை மறந்தே போனேன். பெண் கிட்டே வர வர என் விரலே பவரைக் குறைத்தது. யாரிடமும் கண் ஜாடை காட்ட வேண்டியதில்லை, யாரும் எதிர்த்துப் பேசவில்லை, அவரைப் போலப் பந்தியின் பிரியாணி வாசனைக்கு யாரும் திரும்பவில்லை. ஒரு படம்கூட வீணாகவில்லை. அந்தச் சனியன் பிடித்த பெட்டி அவ்வளவு நன்றாக வேலை செய்ததே என்றுதான் எனக்கு ஆத்திரம். கொஞ்சமாவது சொதப்பியிருந்தால், வின்சென்ட் மாதிரி வராது என்று சொல்லியாவது மனதைத் தேற்றியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டபின், படங்களைப் பார்க்க வேண்டும் என்று அவர் லேப்டாப்பைக் கேட்டார். மடியில் வைத்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தார். "ம், நல்லாருக்கு. இவரு ஏன் கண்ண மூடிக்கினாரு? சாப்பாட்டு நெனப்பு" என்று சொல்லிக்கொண்டிருந்தவர் ஓரிடத்தில் நின்றுவிட்டார். முன்னால் போனார், பின்னால் வந்தார், மறுபடி முன்னால் போனார்.

"பிரிசி, இங்க வா."

பெண் நடந்து வரும் இரண்டு படங்கள். அடுத்தடுத்து எடுத்தவை.

"இதுல பொண்ணு தூரத்துல இருக்கா. இதுல லைட்டுக்கு நேரா கிட்ட வந்துட்டா. மூஞ்சி வெளுத்துப் போயிருக்கணும். வெளுக்கல."

"கேமராவுல கொறச்சேன்."

"கேமராவுல கொறச்சா பின்னாடி ஜன்னலும் இருட்டாயிருக்கும். ஜன்னல் அப்படியே இருக்குது." அவர் குரலில் இன்னும் கோபம் வரவில்லை. வேலை விஷயம் பேசும் குரல்தான். "லைட்டுலதான் கொறஞ்சிருக்கு. யாரு கொறச்சா?"

"பொண்ணோட மாமா. பிரபான்னு பேரு. லைட்டு பக்கத்துல நிக்க வெச்சிருந்தேன்."

"அவருக்கு எப்ப கொறைக்கணும்னு தெரியுமா?"

"நான் கைகாட்டினேன்."

வின்சென்ட் அடுத்த படத்துக்குப் போனார், அதற்கடுத்ததற்கும் போனார். எல்லாவற்றிலும் வெளிச்சம் சரியாக இருந்தது. இத்தனை வருஷம் அந்த வேலையைச் செய்தவருக்கு, கைகாட்டி வருகிற வெளிச்சம் எது, கேமராக்காரியே திருப்பிக்கொள்கிற வெளிச்சம் எது என்று தெரியாதா? லேப்டாப்பை மெதுவாக மூடினார்.

"இன்னொரு பொட்டி எங்க வெச்சிருக்க?"

போய் லென்ஸ் பையின் அடியிலிருந்து எடுத்துவந்து கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சக்கரத்தைத் திருகினார். எண் ஏறியது, இறங்கியது. பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் அதன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"இது ஆளு இல்லாதவனுக்குன்னு நான்தான சொன்னேன்" என்றார்.

"ஏங்க..."

"டாக்டரு இன்னா சொன்னாரு?"

"கிறிஸ்துமஸ் பாக்கறது கஷ்டம்னாரு."

அந்த ஒரு வரியைத்தான் சொல்ல முடிந்தது. அவர் என்னைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் பார்த்தார். கீழே தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அது கிளம்பிப் போனது.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"யாருக்கும் சொல்லலங்க. குளோரியாவுக்குக்கூடச் சொல்லல."

"யாருக்குமே?"

இன்னொரு பொய் சொல்ல என்னிடம் தெம்பில்லை. "டிரிகர் கடைக்காரருக்கு மட்டும் சொன்னேன். எதுக்கு ரெண்டுன்னு கேட்டாரு. தாங்க முடியல, சொல்லிட்டேன்."

"பேரு இன்னா அவருக்கு?"

"ரங்கநாதன்."

"நான் அந்தாள பாத்ததே இல்ல" என்றார் வின்சென்ட். ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு பிடித்துப் பிடித்துச் சொன்னார். "நான் சாவப்போறது ரங்கநாதனுக்குத் தெரியுது. எனக்குத் தெரியல."

நான் அவர் முழங்கால்மேல் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். பயந்துதான் செய்தேன், நீங்கள் பயப்படக் கூடாதே என்று செய்தேன், மன்னித்துவிடுங்கள் என்று என்னென்னவோ சொன்னேன். பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. என் தலைமேல் கையை வைக்கவும் இல்லை. நான் அழுது முடிக்கிறவரை காத்திருந்தார்.

"எந்திரி. நாற்காலிய இழுத்துப் போட்டுக்கோ" என்றார். "வராண்டாவுல டாக்டரு கூப்பிட்டதுல இருந்து சொல்லு. ரங்கநாதன்கிட்ட எப்படிச் சொன்னியோ அப்படியே சொல்லு. எதையும் கொறைக்காத."

நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தேன். வராந்தாவில் டாக்டர் என்னைக் கூப்பிட்டதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். இனி எப்படி எப்படி ஆகும், எதற்கு மருந்து உண்டு, எதற்கு இல்லை என்று அவர் சொன்னதையும் சொன்னேன். மாமனாருக்கு வந்த மாதிரியே வருமா என்று நான் கேட்டதையும், வரும் என்று டாக்டர் சொன்னதையும் சொன்னேன். வின்சென்ட் நடுவில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சொல்லி முடித்ததும், "இன்னொரு தடவ சொல்லு" என்றார்.

நான் மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன்.