ஒரே கட்டத்தில் மூன்று பேர்

லிஃப்ட்காரர் முட்டி போட்டு உட்கார்ந்து, கீழ்த்தளத்துப் பித்தானில் இருந்த ‘ஜி’ என்ற எழுத்தை பிளேடால் சுரண்டிக்கொண்டிருந்தார். குடியிருப்புச் சங்கச் செயலாளர் பின்னால் நின்றுகொண்டு, தானே சுரண்டுவதுபோல் மூச்சு வாங்கினார்.

“தடயமே இருக்கக் கூடாதுங்க. நாளைக்கு எவனாவது வந்து பார்த்தான்னா, நம்ம பில்டிங் எந்தப் பக்கம்னு இதை வெச்சே முடிவு கட்டிடுவான்.”

“அப்ப ஒண்ணு, ரெண்டு, மூணு?”

“நம்பர் எல்லாருக்கும் பொது.”

“வெளியில பெருசா லிஃப்ட்டுன்னு எழுதியிருக்கே சார்?”

செயலாளர் வெளியே போய் அண்ணாந்து பார்த்தார். இருபது வருடமாக அங்கே இருக்கும் எழுத்துதான். அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். “அது மேல ஒரு காலண்டரை மாட்டிடுவோம்.”

“சரி. அப்புறம் என்னை என்னன்னு கூப்பிடுவீங்க?”

செயலாளருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. அந்த வாரம் யாருக்குமே எதுவும் தெரியவில்லை. போர் என்று சொன்னார்கள். ஆனால் குண்டுச் சத்தம் கேட்கவில்லை, குழாயில் தண்ணீர் வந்தது, பள்ளிக்கூட வேன் வந்து ஹாரன் அடித்தது. இங்கிலீஷ் பேசும் நாடுகள் எல்லாம் ஒரு பக்கம், மற்ற எல்லோரும் மறுபக்கம் என்ற வரைக்கும் செய்தியில் தெளிவாக இருந்தது. நாம் எந்தப் பக்கம் என்று கேட்டால்தான் இழுத்தார்கள். திங்கட்கிழமை ஒரு அமைச்சர் தோன்றி, நாம் மற்றவர்கள் பக்கம்தான், அதில் எள்ளளவும் சந்தேகம் வேண்டாம் என்று அரை மணி நேரம் அருமையான இங்கிலீஷில் பேசினார். செவ்வாய்க்கிழமை இன்னொரு அமைச்சர் வந்து, முன்னவர் அப்படிச் சொல்லவே இல்லை என்றார். இரண்டாம் மாடிக்காரர்கள் எதற்கும் இருக்கட்டும் என்று தங்கள் நாயைக் குளியலறையில் போட்டுப் பூட்டினார்கள். அந்த நாய் சிட், கம், நோ என்ற மூன்று சொல்லுக்கு மட்டுமே கட்டுப்படும் என்பது குடியிருப்புக்கே தெரியும். கீழ்வீட்டுத் தையல்காரம்மா தன் அளவு நாடாவைத் தூக்கிக் காட்டி, “இதுல ஒரு பக்கம் இஞ்ச், ஒரு பக்கம் சென்டிமீட்டர். என்னை எந்தப் பக்கம் சேர்ப்பாங்கன்னு பாத்துடறேன்” என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

லிஃப்ட்காரருக்கு மட்டும் சிரிக்க முடியவில்லை. அவர் வீடு மூன்றாம் மாடியில் இருந்தது. அந்த வீட்டில் ஒரு சட்டமும் இருந்தது.

சட்டம் போட்டது அவர் மனைவி. குடியிருப்பில் அவளுக்கு மேடம் என்று பெயர். நேரில் மரியாதையாகவும், அவள் படியேறிப் போன பிறகு வேறு மாதிரியாகவும் அதே பெயரைச் சொல்வார்கள். கல்யாணத்துக்கு முன்பு ஒரு பெரிய கடையில் அழகுப்பொருள் பிரிவில் நான்கு வருடம் நின்றவள். நான்கு வருடமும் அவளுக்குப் பின்னால் சேர்ந்த பெண்கள் எல்லாம், இங்கிலீஷில் இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசினார்கள் என்பதற்காக, அவளைத் தாண்டி நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். கால் வீங்கி வீட்டுக்கு வந்த அந்த நாட்களில் அவள் முடிவு செய்தது இது: தனக்குப் பிறக்கும் பிள்ளை நாற்காலியில்தான் உட்காரும். பாப்பா பிறந்த அன்றைக்கே சட்டம் அமலுக்கு வந்தது. பிள்ளையின் காதில் இங்கிலீஷைத் தவிர வேறொன்று விழக்கூடாது. அதற்காக அவள் ராப்பகலாகப் படித்து, எப்படியோ மடமடவென்று பேசவும் பழகிவிட்டாள். அந்தச் சாதனையைக் குறைத்துச் சொல்வதற்கில்லை.

லிஃப்ட்காரருக்கு அது வரவில்லை. பாப்பாவுக்கு இரண்டரை வயதிருக்கும்போது ஒரு சாயங்காலம், கிரீஸ் கையைக்கூடக் கழுவாமல் வந்து குனிந்து, “பாப்பா, வாட் யூ டூயிங்?” என்றார். குழந்தை அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அதே குரலில், அதே இழுப்பில் அதைத் திருப்பிச் சொன்னது. மேடம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். குழந்தையும் சிரித்தது. அவரும் சேர்ந்துதான் சிரித்தார். அதற்குப் பிறகு வீட்டுக்குள் அவர் வாயைத் திறக்கவில்லை. தலையாட்டுவார், கையைக் காட்டுவார், தேவை என்றால் ஓகே. மனைவியிடம் பேச வேண்டியதைப் பாப்பா தூங்கிய பிறகு கிசுகிசுப்பார். நாள் முழுக்க அடக்கியதெல்லாம் எங்கே போகும்? மாடிப்படியில் போகும். லிஃப்ட்டைப் பழுது பார்க்கிறவர் லிஃப்ட்டில் ஏறாமல் படியேறுவது எதற்கு என்று தையல்காரம்மா ரொம்ப நாள் யோசித்திருக்கிறார். ஒவ்வொரு வளைவிலும் நின்று யாரையாவது பிடித்துப் பேசிக்கொண்டே ஏறுவார். யாரும் அகப்படாவிட்டால் தனக்குத்தானே பேசிக்கொள்வார். மூன்றாம் மாடிக் கதவு வந்ததும் குழாயைத் திருகியதுபோல் பேச்சு நின்றுவிடும்.

புதன்கிழமை காலையில் அறிவிப்புப் பலகையில் அரசாங்க உத்தரவு ஒட்டப்பட்டிருந்தது. முழுக்க இங்கிலீஷ். பலகையைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றார்கள், ஒருவரும் வாசிக்கவில்லை. வாசித்தால் தெரியும் என்று ஆகிவிடுமே! நேற்று வரைக்கும் மருந்துச் சீட்டைக்கூடச் சத்தமாகப் படித்துக் காட்டியவர் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டேன் என்றார். கண்ணாடி மூக்கின் மேலேயே இருந்தது. செயலாளர் கொட்டாவி விட்டார். கடைசியில் எல்லோரும் ஒரே நேரத்தில் மேடத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். தெரியாது என்று சொல்ல வழியில்லாத ஒரே ஆள் அவள்தான்.

அவள் வாசித்து அர்த்தம் சொன்னாள். சனிக்கிழமை கணக்கெடுக்க வருவார்கள். பெரியவர்கள் பொய் சொல்வார்கள் என்பதால், வீட்டில் பேசத் தெரிந்த மிகச் சின்னவரிடம்தான் கேட்பார்கள். வீட்டில் யார் யார் என்ன மொழி பேசுகிறார்கள் என்று அந்தச் சின்னவர் சொல்வதே பதிவாகும். மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. படிவத்தில் இரண்டு கட்டம்: இங்கிலீஷ், மற்றவை. இரண்டு கட்டத்துக்காரர்களுக்கும் தனித்தனி ஏற்பாடுகள் செய்யப்படும்.

“என்ன ஏற்பாடாம்?” என்றார் தையல்காரம்மா.

“அது போடலை.”

“நல்ல ஏற்பாடா, கெட்ட ஏற்பாடா?”

“அதுவும் போடலைங்க.”

அன்று மத்தியானம், இங்கிலீஷ்காரர்களை எல்லாம் பிடித்து முள்வேலிக்குள் போடப்போகிறார்கள் என்று பேச்சு. சாயங்காலம், இல்லையில்லை, அவர்களைத்தான் கப்பலேற்றிப் பத்திரமான இடத்துக்கு அனுப்பப்போகிறார்கள், இங்கே இருப்பவர்களுக்குத்தான் ஆபத்து என்று பேச்சு. இரண்டையும் சொன்னது ஒரே ஆள்தான்.

பாப்பா தூங்கிய பிறகு சமையலறையில் நின்றுகொண்டு கணவனும் மனைவியும் பேசினார்கள். மேடம் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“நான் என்னங்க தப்பு பண்ணேன்? எல்லாரும்தானே ஆசைப்பட்டாங்க. கீழ இருக்கறவங்க என்கிட்ட வந்து, உங்க பொண்ணு மாதிரி எங்க பையனையும் பேச வைங்கன்னு கெஞ்சல?”

“யாரும் தப்புன்னு சொல்லலம்மா.”

“எந்தக் கட்டம் நல்லதுன்னு மட்டும் தெரிஞ்சா, அதுக்குத் தகுந்த மாதிரி பழக்கிடுவேன். மூணு நாள் போதும் எனக்கு.”

“எந்தக் கட்டமா இருந்தா என்ன,” என்றார் அவர். “மூணு பேரும் ஒரே கட்டத்துல இருக்கணும். எனக்கு அவ்வளவுதான். உங்க ரெண்டு பேரை ஒரு வண்டியிலயும் என்னை ஒரு வண்டியிலயும் ஏத்திட்டா நான் எங்கேன்னு போய்த் தேடுவேன்? போற இடத்துல விசாரிக்கக்கூட எனக்கு வாய் கிடையாதே.”

மேடம் நகத்தை விட்டுவிட்டு அவரைப் பார்த்தாள். மறுநாள் காலையிலேயே சட்டம் மாற்றப்பட்டது. ‘அம்மா, அப்பா, நான், எல்லாரும் நம்ம மொழிதான் பேசுவோம்’ என்று ஒரு வரியைத் தயார் செய்து, கைதட்டித் தாளம் போட்டுப் பாப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்தாள். பள்ளிக்கூடப் பாட்டு என்று நினைத்துக் குழந்தை இரண்டே மணி நேரத்தில் பிடித்துக்கொண்டது. ஒரு எழுத்துக்கும் அர்த்தம் தெரியாது, தாளம் தப்பவில்லை.

“நீங்களும் இனிமே தாராளமா பேசலாங்க,” என்று கணவனுக்கு அனுமதி கொடுத்தாள்.

பாப்பாவுக்கு இப்போது ஐந்து வயது. இரண்டரை வருடமாகக் காத்திருந்த அனுமதி. லிஃப்ட்காரர் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து, படம் வரைந்துகொண்டிருந்த பாப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். என்ன பேசுவது? மாடிப்படியில் மழையிலிருந்து மந்திரிசபை வரைக்கும் அலசுகிற மனிதருக்கு, சொந்த மகளிடம் முதல் வார்த்தை எது என்று புலப்படவில்லை. அவள் காதோரம் ஒரு சின்ன மச்சம் இருந்தது. அதைப் பற்றிக் கேட்கலாமா என்று நினைத்தார். வாயைத் திறந்தபோது வந்தது வேறு.

“சாப்பிட்டியாடா?”

பாப்பா கிரேயானைக் கீழே வைத்தது. அவரைப் பார்த்தது. பிறகு எழுந்து அம்மாவிடம் போய், அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு, அவர் கோபமாக இருக்கிறாரா என்று இங்கிலீஷில் கேட்டது. லிஃப்ட்காரருக்கு அந்த அளவு புரிந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். அன்றைக்கு எந்த வளைவிலும் அவர் நிற்கவில்லை என்பதைத் தையல்காரம்மா கவனித்தார்.

சனிக்கிழமை பதினோரு மணிக்குக் கணக்கெடுக்கும் அம்மா வந்தார். லிஃப்ட்டின் பெயரை மறைத்த காலண்டர் அறுந்து கதவிடுக்கில் விழுந்து, லிஃப்ட் நின்றுபோயிருந்தது. மூன்று மாடி ஏறி வந்தவர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். ஏதோ அலுவலகத்தில் கோப்பு அடுக்குகிறவரைப் பிடித்து இந்த வேலையில் போட்டிருக்கிறார்கள். கழுத்தில் அட்டை, கையில் படிவக்கட்டு, காதில் ஒரு பென்சில். திறந்திருந்த கதவுக்கு வெளியே, தற்செயலாக அந்தப் பக்கம் வந்ததுபோல் தையல்காரம்மாவும் செயலாளரும் நின்றார்கள்.

“பென்சிலா?” என்றாள் மேடம்.

“பேனா வேணாம்னு சொல்லிட்டாங்க. எந்தக் கட்டம் எதுக்குன்னு மேல இன்னும் முடிவாகலையாம். இனிமே நீங்க ரெண்டு பேரும் பேசக் கூடாது. பாப்பா, இங்க வா.”

பாப்பா வந்து நின்று, கேட்பதற்கு முன்பே கைதட்டிப் பாட்டைப் பாடி முடித்தது. அந்த அம்மா சலித்துப்போய்ச் சிரித்தார். “கீழ ரெண்டு மாடியிலயும் இதே பாட்டுதான். ராகம்தான் வேற.” குனிந்து, “உன் பேர் என்ன கண்ணு?” என்றார்.

பாப்பா மறுபடியும் கைதட்டிப் பாட ஆரம்பித்தது.

மேடம் கண்ணை மூடிக்கொண்டாள். அந்த அம்மா பெருமூச்சு விட்டு, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டார். உடனே குழந்தை முகம் மலர்ந்து, தன் பெயரையும், வயதையும், முந்தாநாள் வரைந்த யானை ஏன் பச்சையாக இருக்கிறது என்பதையும் கொட்டித் தீர்த்தது. பென்சில் இங்கிலீஷ் கட்டத்தில் ஒரு கோடு போட்டது. மம்மி? மம்மி இங்கிலீஷ்தான், ஆனால் போனில் வேறு மாதிரி பேசுவாள். இன்னொரு கோடு. டாடி?

பாப்பா யோசித்தது. பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. டாடி பேசமாட்டார், என்றது. மாடிப்படியிடம் மட்டும்தான் பேசுவார்.

வாசலில் தையல்காரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கணக்கெடுக்கும் அம்மா லிஃப்ட்காரரை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். “பேசாதவங்களுக்குத் தனியா கட்டம் இல்லையே சார். மற்றவைன்னுதான் போடணும்.” பென்சில் முனை அடுத்த கட்டத்துக்குப் போனது.

லிஃப்ட்காரர் எழுந்தார். எந்தக் கட்டம் முள்வேலி, எந்தக் கட்டம் கப்பல் என்று அவருக்குத் தெரியாது. அந்தப் பென்சிலுக்கும் தெரியாது. இரண்டு கோடு ஒரு பக்கம் இருக்கிறது, மூன்றாவது கோடு வேறு பக்கம் விழப்போகிறது, அது மட்டும் தெரிந்தது. பதினாறு வருடமாக லிஃப்ட்டுக்குள் கண்ணெதிரே தொங்கியதும் காதில் விழுந்ததுமான வாசகங்கள் எல்லாம் தொண்டையில் வந்து முட்டின.

“டோர் ஓப்பனிங்,” என்றார்.

“சார், நீங்க பேசக் கூடாது.”

“ப்ளீஸ் ஸ்டாண்ட் க்ளியர் ஆஃப் தி டோர். மேக்ஸிமம் எய்ட் பர்சன்ஸ்.” நிறுத்தினால் தீர்ந்துவிடும் என்பதுபோல் விடாமல் சொன்னார். “இன் கேஸ் ஆஃப் ஃபயர் டூ நாட் யூஸ். யூஸ் ஸ்டேர்ஸ். கோயிங் டவுன். திஸ் மை டாட்டர். கோயிங் டவுன், திஸ் மை டாட்டர்.”

மேடத்தின் உதடு அசைந்தது. பழக்கதோஷம், திருத்த வந்தது. கையால் வாயை அழுத்தி மூடிக்கொண்டாள். செயலாளர் ஏதோ சொல்லப் போக, தையல்காரம்மா அவர் காலை மிதித்தார்.

கணக்கெடுக்கும் அம்மா படிவத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், படிவத்தைப் பின்பக்கம் திருப்பி அங்கே ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்தார். பென்சில் இரண்டு கட்டத்துக்கும் நடுவில் இருந்த கோட்டின் மேல் அப்படியே நின்றது.

“உக்காருங்க சார்,” என்றார் கடைசியில். “முதல்ல உக்காருங்க.”

அவர் உட்கார்ந்தார். பாப்பா மெதுவாகக் கிட்டே வந்தது. அவர் முழங்காலைப் பிடித்து மடியில் ஏறி மண்டியிட்டது. இரண்டு கையாலும் அவர் தாடையைப் பிடித்துக் கீழே இழுத்து, வாயைப் பெரிதாகத் திறக்க வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தது. அவர் திறந்த வாயை மூடாமல், மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே இருட்டாக இருந்திருக்க வேண்டும். தலையைச் சாய்த்து, வெளிச்சம் விழும்படி அவர் முகத்தை ஜன்னல் பக்கமாகத் திருப்பியது.