மூன்றாவது வரிசை

அன்றைக்கு அவள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்க வேண்டியதே இல்லை. அவளுக்கு எப்போதும் முதல் வரிசை, ஜன்னலோரம். வேலை பார்க்கும் கண்ணாடிக்கடையிலிருந்து கிளம்புகிற நேரத்தில், ஒரு பக்கக் கால் கழன்ற மூக்குக்கண்ணாடியோடு ஒரு பெரியவர் வந்து நின்றுவிட்டார். அவருக்குத் திருகாணியை முடுக்கிக் கொடுத்துவிட்டு ஓட்டமும் நடையுமாகக் கோவிலுக்குப் பின்னாலிருந்த செபக்கூடத்துக்கு அவள் வந்து சேர்ந்தபோது பாட்டு முடிந்திருந்தது. கண்ணில் பட்ட காலி இடத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கு ஒரு பக்கம் தபால்காரர். மறுபக்கம் காது மந்தமான தையல்காரி. வரிசையின் கோடியில் முக்காடு போட்ட யாரோ ஒரு பெண்.

முன்னால், செபத்தை நடத்துகிற டைல்ஸ்காரர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, கண்களை இறுக மூடி நின்றார்.

“மூணாவது வரிசையில இருக்கிற ஒருத்தர் வீட்டுல ஒரு நாற்காலி காலியா இருக்கு” என்றார். “ஆண்டவர் எனக்குக் காட்டுறார். வர்ற முதல் வெள்ளிக்கிழமைக்குள்ள அது நடக்கும். உபவாசம் இருந்து மன்றாடுங்க.”

கூடத்தில் ஐம்பது பேராவது இருப்பார்கள். யாரோ சாகப்போகிறார்கள் என்றுதான் அவளுக்குப் புரிந்தது; முன்னாலிருந்து வரிசைகளை எண்ணிப் பார்த்தாள். தையல்காரி அவள் முழங்கையை இடித்து, “என்ன சொல்றாரு?” என்று உரக்கக் கேட்டாள்.

“ஒண்ணுமில்ல” என்றாள் அவள்.

அன்றைக்குச் சனிக்கிழமை; மாதத்தின் முதல் வெள்ளிக்கு ஆறு நாள் இருந்தது.

அந்தச் செபக்குழு முன்பு இப்படி இருந்ததில்லை. பன்னிரண்டு வருஷம் அதை நடத்தியவர் பெரியக்கா. ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். வார்டில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே போவதுபோலத்தான் செபத்தையும் நடத்துவார். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, செபமாலை சொல்லி, யார் யாருக்காக வேண்ட வேண்டும் என்று ஒவ்வொருவராகக் கேட்டு, நாற்பது நிமிஷத்தில் டீயோடு அனுப்பிவிடுவார். பதினாலு பேர் வருவார்கள். அவருக்கு முழங்கால் விட்டுப்போய் மாடிப்படி இறங்க முடியாமல் ஆனதும், புதிதாக வந்த பங்குச் சாமியார் டைல்ஸ் கடை மேலாளரைக் கூப்பிட்டுப் பொறுப்பைக் கொடுத்தார். அந்த மேலாளர் இந்தக் கோவில் பங்குக்கு வந்தே ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. வட்டம் வரிசையானது. சின்னக் கூடத்துக்கு ஒலிபெருக்கி வந்தது. டைல்ஸ்காரர் கண்ணை மூடினால் ஏதாவது தெரியும். யாருக்கோ முதுகுவலி குணமாகிறது, யாருடைய தொலைந்த சாவியோ கிடைக்கப்போகிறது. வலி போனவர்களும் சாவி கிடைத்தவர்களும் எழுந்து சாட்சி சொன்னார்கள். இரண்டே மாதத்தில் பதினாலு ஐம்பதாயிற்று.

வெளியே வந்தபோது தபால்காரர் அவளோடு சேர்ந்து நடந்தார். கல்யாணமாகாத மனிதர்.

“எங்க வீட்டுல இருக்கிறதே ஒரு நாற்காலி” என்றார். “அதுல உட்கார்றதும் நான் ஒருத்தன்தான்.”

அவர் சிரித்தார். அவளும் சிரித்து வைத்தாள்.

அவள் வீட்டில் நான்கு நாற்காலிகள். ஒன்று அவளுடையது. ஒன்று கணவருடையது. அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். ஐம்பத்தாறு வயது, ஏழு வருஷமாகச் சர்க்கரை. இன்னொன்று கல்யாணமாகி வெளியூரில் இருக்கும் மகள் வந்தால் உட்காருவது. அந்த மகளுக்கு இப்போது எட்டு மாதக் கர்ப்பம். நான்காவது மருமகனுடையது. அன்று சாப்பிடும்போது அவள் கண் ஒவ்வொன்றாக அந்த நாற்காலிகளின் மேல் போய் நின்றது.

மறுநாள் பூசை முடிந்ததும் பெரியக்கா வீட்டுக்குப் போனாள். அவர் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு, முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தைலப்புட்டியை மூடினார்.

“முப்பது வருஷம் வார்டுல இருந்தேன்” என்றார். “கையில சார்ட்டை வச்சுக்கிட்டு நின்னப்பகூட யாரு போவாங்க, யாரு பொழைப்பாங்கன்னு எனக்குச் சொல்லத் தெரிஞ்சதில்ல. டைல்ஸ் விக்கிறவருக்குத் தெரியுமா? போய் வேலையைப் பாரு.”

கேட்டபோது தெம்பாகத்தான் இருந்தது. படியிறங்கித் தெருவுக்கு வருவதற்குள் அந்தத் தெம்பு எங்கேயோ போய்விட்டது. பெரியக்காவுக்குத் தெரியாதது ஆண்டவருக்குத் தெரியுமே.

திங்கட்கிழமை காலையில் அவள் வேன் சாவியை எடுத்து மாவு டப்பாவுக்குள் போட்டுவிட்டாள். திட்டம் போட்டுச் செய்ததல்ல. கை தானாகச் செய்தது. கணவர் சட்டைப்பை, மேசை, கட்டிலுக்கடியில் என்று வீட்டையே புரட்டினார். பிள்ளைகளின் பெற்றோர் ஒருவர் மாற்றி ஒருவராகப் போன் செய்தார்கள். பதினோரு பிள்ளைகள் தெருவில் நிற்கிறார்கள் என்று அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்தபோது, அவள் டப்பாவைத் திறந்து, மாவு ஒட்டிய சாவியை அவர் முன்னால் வைத்தாள்.

“என்னம்மா இது?”

அவள் சொன்னாள். மூன்றாவது வரிசை, நாற்காலி, முதல் வெள்ளி எல்லாவற்றையும். அவர் முதலில் வாய்விட்டுச் சிரித்தார். அப்புறம் சிரிப்பு குறைந்தது. சாவியைத் துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்தார்.

“இதை ஏன் எங்கிட்ட சொன்னே?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அதிலிருந்து அவரும் பழைய மனிதராக இல்லை. செவ்வாய்க்கிழமை வேனின் நான்கு சக்கரங்களையும் உதைத்துப் பார்த்தார். பிரேக்கை மிதித்துப் பார்த்தார். சர்க்கரை மாத்திரை போட்டோமா என்று இரண்டு தரம் கேட்டார். கடையில் அவளுக்கும் கை ஓடவில்லை. பதினெட்டு வருஷமாக லென்ஸ் வெட்டுகிறவள், ஒரு பெண்ணுக்கு வலது கண் லென்சை இடது பக்கத்தில் பொருத்திக் கொடுத்துவிட்டாள். அந்தப் பெண் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தரை சாய்கிறது என்று சுவரைப் பிடித்தாள். முதலாளி அந்தக் கண்ணாடியை வாங்கி மேசையில் வைத்தார். அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது அவளுக்கு. அன்று மட்டும் மகளுக்கு ஆறு முறை போன் செய்தாள். ஆறாவது முறை மகள், “அம்மா, நீ போன் பண்ணிப் பண்ணியே எனக்கு வலி வந்துடும்போல இருக்கு” என்றாள்.

புதன்கிழமை அது நடந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில், மரநிழல் சாலையில் விழுந்து அசைந்ததைப் பார்த்து யாரோ குறுக்கே வந்துவிட்டதாக நினைத்துக் கணவர் பிரேக்கை ஒரே மிதியாக மிதித்தார். பின்னால் வந்த லாரி ஒரு சாண் இடைவெளியில் நின்றது. முன்சீட்டுப் பெண் குழந்தையின் உதடு கம்பியில் இடித்துக் கிழிந்தது. வீட்டுக்கு வந்த கணவரின் சட்டைக் கையில் அந்தக் குழந்தையின் ரத்தம் இருந்தது. அதைக் காட்டாமல் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“இருபத்தெட்டு வருஷத்துல ஒரு கீறல் இல்ல” என்றார். “ரோட்டைப் பார்த்தா ரோடு தெரியல. வெள்ளிக்கிழமைதான் தெரியுது.”

அவள் அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். லாரி நிற்காமல் போயிருந்தால், சொன்னது பலித்தது என்றுதானே எல்லோரும் பேசியிருப்பார்கள்.

வியாழக்கிழமை மதியம் கடையில் அரைநாள் சொல்லிவிட்டு டைல்ஸ் கடைக்குப் போனாள். அவர் குளியலறைத் தரைக்கு வழுக்காத டைல்ஸ் எது என்று ஒரு புதுமணத் தம்பதிக்கு எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். மைக் இல்லாமல், காதில் பென்சில் செருகிக்கொண்டு நின்ற அவர் வேறு யாரோபோலச் சின்னதாகத் தெரிந்தார். தம்பதி போன பிறகு அவளைப் பின்னாலிருந்த கிடங்குக்குக் கூட்டிப்போனார். இரண்டு பெட்டிகளின் மேல் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

“யாருன்னு சொல்லிடுங்க தம்பி” என்றாள். “எங்க வீடுன்னா எங்க வீடுன்னு சொல்லிடுங்க. தாங்கிக்கிறேன். தெரியாம இருக்கிறதைத்தான் தாங்க முடியல.”

“எனக்குத் தெரியாதுக்கா.”

“நீங்கதானே பார்த்தீங்க?”

“நாற்காலியைப் பார்த்தேன். கண்ணை மூடினேன், ஒரு நாற்காலி வந்துச்சு. சாதாரண மர நாற்காலி.”

“அப்போ மூணாவது வரிசை?”

அவர் பென்சிலை எடுத்து விரல்களுக்கிடையில் உருட்டினார். “வாயில வந்துச்சு.”

“வெள்ளிக்கிழமை?”

“முதல் வெள்ளி ஆராதனைக்குக் கூட்டம் வரணும்னு சாமி காலையிலதான் சொல்லியிருந்தாரு. அது மனசுல ஓடிக்கிட்டே இருந்தது.” பென்சிலை மறுபடியும் காதில் செருகினார். “ஒவ்வொரு சனிக்கிழமையும் கூடத்துக்குள்ள வர்றதுக்கு முன்னாடி எனக்கு வாந்தி வர்ற மாதிரி இருக்கும்கா. இன்னைக்கு ஒண்ணும் வரலைன்னா என்ன பண்றதுன்னு பயம். ஏதாவது வந்தா அது நானா ஆண்டவரான்னு பயம்.”

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் முகத்தில் இருந்த களைப்பு, இந்த நான்கு நாளாக அவள் தன் கணவர் முகத்தில் பார்த்துக்கொண்டிருந்த அதே களைப்பு.

“அன்னைக்குக் கோடியில முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாளே” என்றார் அவர். “அது என் வீட்டுக்காரி. கண்ணைத் திறந்த பிறகுதான் பார்த்தேன். திங்கட்கிழமையிலிருந்து எங்க பாப்பாவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பல. ரெண்டு பேரும் மாத்தி மாத்தி அவ மூச்சைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கோம்.”

அவள் எழுந்தாள். “இதை நாளைக்கு எல்லார்கிட்டயும் சொல்லுங்க.”

“சொன்னா அதுக்கப்புறம் யாருக்கா வருவா?”

“முன்னாடி வந்தவங்க வருவோம்” என்றாள். அது உண்மையா என்று அவளுக்கே தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குக் கூடம் பிதுங்கியது. கோவில் பக்கமே வராத அவள் கணவர்கூட அன்று கூடவே வந்தார். உள்ளே நுழைந்ததும் அவள் அப்படியே நின்றுவிட்டாள். சுவரோரமும் வாசலிலும் ஜனங்கள் நெருக்கியடித்து நின்றுகொண்டிருந்தார்கள். மூன்றாவது வரிசை மட்டும் ஒரு ஆள்கூட இல்லாமல் கிடந்தது.

யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள்: “தபால்காரரோட அண்ணன் இறந்துட்டாராம். புதன்கிழமை, வெளியூர்ல. தெரியுமா?”

அந்தச் செய்தி கூடத்தில் பரவியதை அவள் கண்ணால் பார்த்தாள். தோள்கள் இறங்கின. மூச்சுகள் வெளியே வந்தன. “ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்” என்றது ஒரு குரல். ஒருத்தி சிரித்தேவிட்டாள். இறந்தவர் மூன்று வருஷமாகப் படுக்கையில் கிடந்த எழுபது வயதுக்காரர், தபால்காரர் வீட்டுக்கு ஒருநாளும் வராதவர். யாரும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை. அவள் உடம்பிலிருந்து ஏதோ ஒரு பாரம் அப்படியே இறங்கியது. எங்க வீடு இல்ல. கணவரின் கையைப் பிடித்து அழுத்தினாள்.

அப்போதுதான் வாசலில் தபால்காரரைப் பார்த்தாள். பயணப்பையோடு, சவரம் செய்யாத முகத்தோடு, பஸ்ஸிலிருந்து நேரே வந்திருந்தார். அந்த ஸ்தோத்திரத்தையும் சிரிப்பையும் அவர் கேட்டிருந்தார். கூட்டம் அவருக்கு வழிவிட்டது. வழிவிட்டதா, விலகியதா என்று சொல்வது கஷ்டம். அவர் போய் மூன்றாவது வரிசையில் தனியாக உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டார்.

அவளுக்குத் தன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கணவரின் கையை விட்டுவிட்டு நடந்தாள். அத்தனை தெரிந்துகொண்ட பிறகும் அந்த வரிசைக்குள் காலை வைக்கப் பயமாகத்தான் இருந்தது. வைத்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அண்ணே, அவர் பேர் என்ன?”

அவர் சொன்னார். குரல் பாதியில் உடைந்தது.

முன்னால் டைல்ஸ்காரர் மைக்கோடு நின்றார். அவருக்கு எல்லாம் கைகூடி வந்திருந்தது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடுத்த வாரம் நூறு பேர் வருவார்கள். அவர் கண்களை மூடவில்லை.

“அந்த அண்ணன் சாவுக்கும் நான் சொன்னதுக்கும் சம்பந்தம் இல்ல” என்றார். “நான் பார்த்தது ஒரு நாற்காலி, அவ்வளவுதான். வரிசை, வெள்ளிக்கிழமை எல்லாம் நானா சேர்த்தது. இந்த ஒரு வாரமா உங்களைப் பயமுறுத்திட்டேன். என் வீட்டையும் பயமுறுத்திட்டேன். மன்னிச்சிடுங்க.”

பிறகு சுவரோரமிருந்த ஒரு அம்மா பக்கத்திலிருந்தவரிடம், “எவ்வளவு தாழ்மை பாருங்க” என்றாள். அவர் தலையாட்டினார். இன்னும் சிலர் தலையாட்டினார்கள். டைல்ஸ்காரர் அதைக் கேட்டுத் திகைத்து நின்றார்.

சாமியார் அவரை நீக்கவில்லை. காட்சிகளை வாயில் சொல்ல வேண்டாம் என்று மட்டும் கண்டித்துவிட்டு, மன்றாட்டுகளை வேறொருவர் நடத்தட்டும் என்றார். டைல்ஸ்காரர் அவள் பக்கம் கையைக் காட்டினார். அடுத்த சனிக்கிழமை இருபது பேர் வந்திருந்தார்கள். மற்றவர்கள் ஊரின் மறுகோடியில், இன்னும் நிறையக் காட்சி பார்க்கிற யாரிடமோ போய்விட்டதாகக் கேள்வி.

அவள் மைக்கை வாங்கிக்கொள்ளவில்லை. எழுந்து நின்றாள். யாருடைய பெயரைச் சொன்னால் யாருக்கு என்ன ஆகுமோ என்று ஒரு பயம் இன்னும் அங்கே இருந்தது, அவளுக்கும் இருந்தது.

“யாருக்காக வேண்டணும்?” என்று கேட்டாள்.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் டைல்ஸ்காரரின் மனைவி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, தரையைப் பார்த்தபடி சொன்னாள்: “எங்க பாப்பா திங்கட்கிழமை மறுபடியும் பள்ளிக்கூடம் போறா. அவளுக்காக.”

அவள் அந்தக் குழந்தையின் பெயரை உரக்கச் சொல்லி, “அருள் நிறைந்த மரியே” என்று செபத்தைத் தொடங்கினாள். பின்னால் ஒவ்வொரு குரலாகச் சேர்ந்துகொண்டது.