கால் ஊன்றினால் அந்த ஊர்

நான்கு நாள் பைக் பயணத்தில் யாரும் தரையில் கால் ஊன்றக் கூடாது. ஊன்றினால், ஊன்றிய ஊரிலேயே தங்கிவிட வேண்டும். பெயர் கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிட்டார்கள். நானும் என் கணவர் செல்வினும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டோம். எந்தப் பயணத்திலும் ஏதாவது ஒரு விதி இருக்கத்தான் செய்யும்.

தூத்துக்குடியில் பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். வண்டி சாய்ந்தால் உடனே காலை ஊன்றுங்கள் என்பதுதான் நான் சொல்லித்தரும் முதல் பாடம். செல்வின் துறைமுகத்துக்கு வெளியே ஒரு எடைமேடையில் வேலை பார்க்கிறார். லாரி ஏறி நின்றதும் சிவப்பு விளக்கைப் போடுவார். இறங்கலாம் என்றால் பச்சை.

எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம். கடைசி இரண்டு வருடமாக கேஸ் சிலிண்டரைப் பற்றியும் தண்ணீர் லாரியைப் பற்றியும் மட்டும் பேசிக்கொண்டிருந்தோம். காட்டுப் பாதையில் நான்கு நாள் பைக் ஓட்டினால் சரியாகிவிடும் என்று அவர்தான் சொன்னார். என்ன சரியாகும் என்று நான் கேட்கவில்லை.

எங்கள் வழிகாட்டியின் பெயர் பிச்சைக்கனி. ஐம்பது வயதிருக்கும். புறப்படும் முன் அவர் எங்கள் வண்டிகளின் ஸ்டாண்டுகளை ஸ்பேனர் வைத்துக் கழற்றி ஒரு சாக்கில் கட்டினார்.

"இது எதுக்கு?" என்று கேட்டேன்.

"அதுவும் காலுதான மேடம்," என்றார்.

சாப்பிடவும் தூங்கவும் ஒரு நீலத் தார்ப்பாய் கொண்டுவந்திருந்தார். தார்ப்பாய் தரை ஆகாது. ஆனால் அதை ஊருக்கு வெளியேதான் விரிக்க வேண்டும். ஊருக்குள் விரித்தால் ஊர் அதை எடுத்துக்கொள்ளும்.

எங்களோடு நாகர்கோவில் பல் டாக்டர் ஒருவரும் வந்தார். பெயர் கிளாட்சன். தன் பூட்ஸ் தண்ணீர் புகாதது என்று எல்லோரிடமும் சொன்னார். வண்டிகளிடமும் சொன்னார்.

முதல் நாள் வறண்ட கண்மாய்க்குள் ஓட்டினோம். கரிசல் மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. சக்கரம் வெடிப்புக்குள் விழாமல் குறுக்காக ஏற்ற வேண்டும். கரையில் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். ஒருவரும் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் எங்கள் கால்களைப் பார்த்தார்கள்.

கண்மாய் முடிந்ததும் கீழப்பொட்டல் என்ற ஊர் வந்தது. திருப்பத்தில் இரண்டு பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிச் சேறாக்கிக்கொண்டிருந்தார்கள். எங்களைக் கண்டதும் இன்னும் வேகமாக ஊற்றினார்கள். நான் கடந்தேன். செல்வின் கடந்தார். டாக்டரின் வண்டி இடது பக்கம் வழுக்கியது. கண்சிமிட்டும் நேரம் அவர் கால் சேற்றைத் தொட்டது.

கரையிலிருந்து விசில் கேட்டது.

இரண்டு பேர் வந்து டாக்டரின் ஹெல்மெட்டைக் கழற்றினார்கள். தலையில் ஒரு துண்டைக் கட்டினார்கள். கையில் மண்வெட்டியைக் கொடுத்தார்கள். அவர் அதன் காம்பை ஒருமுறை தரையில் தட்டிப் பார்த்தார். பல வருடம் பழகிய கை மாதிரி இருந்தது.

"டாக்டர், வண்டியில ஏறுங்க," என்று சத்தம் போட்டேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "எந்த ஊரு ஆளுக நீங்க? வரப்பப் பூரா ஒழப்பிட்டுப் போறீங்க," என்றார். குனிந்து ஒரு மண்கட்டியை எடுத்து எறிந்தார். அது என் தோளில் பட்டது. அவர் எதையும் எறிந்து நான் பார்த்ததில்லை. குறி நன்றாக இருந்தது.

சாயங்காலம் தார்ப்பாயில் உட்கார்ந்து டாக்டரின் மனைவிக்குப் போன் செய்தேன். தன் கணவர் எப்போதும் கீழப்பொட்டலில்தான் இருக்கிறார் என்று அந்த அம்மா சொன்னார். இந்த வருடம் அங்கே வெள்ளாமை சரியில்லை என்றும் சொன்னார். நான் போனை வைத்தேன்.

"எல்லா ஊருலயும் ஒரு ஆளு குறையுது மேடம்," என்றார் பிச்சைக்கனி. அவர் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருந்தார். "அவங்களும் என்ன செய்வாங்க."

"நீங்க இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்."

"நீங்க கேக்கலயே."

செல்வின் தன் பரோட்டாவைத் தின்று முடித்தார். பிறகு, "நல்லா எறிஞ்சாரு," என்றார்.

இரண்டாம் நாள் தேரிக்காடு. கண்ணுக்கு எட்டியவரை சிவப்பு மணல். மணலில் உட்கார்ந்து ஓட்ட முடியாது. எழுந்து நின்று, எடையைப் பின்னால் சாய்த்து, வேகத்தைக் குறைக்காமல் போக வேண்டும். குறைத்தால் முன்சக்கரம் புதையும். நாங்கள் கடந்த மேடுகள் எங்களுக்குப் பின்னாலேயே நகர்ந்து வந்தன. பனைகள் மிக நெருக்கமாக நின்றன. ஹேண்டில்பாரின் அகலத்துக்கு மேல் ஒரு விரல்கடைதான் விட்டிருந்தன.

செல்வின் எனக்கு முன்னால் திணறிக்கொண்டிருந்தார்.

"எந்திரிச்சு நில்லுங்க," என்று கத்தினேன். "பின்னால சாயுங்க. கையை இறுக்காதீங்க."

"நான் ஒண்ணும் ஒன்கிட்ட படிக்க வரல," என்று அவர் திரும்பாமல் சொன்னார். ஆனால் எழுந்து நின்றார். அதன் பிறகு நன்றாகவே ஓட்டினார். அது எனக்குப் பெருமையாக இருந்தது. சொல்லியிருக்கலாம். அடுத்த மேடு வந்துவிட்டது.

மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒத்தப்பனைவிளை. அங்கே ஒரு பனையும் இல்லை. ஒரே ஒரு தெரு. பிச்சைக்கனி ஊரைச் சுற்றிக்கொண்டு போனார். உள்ளே வந்தால் தன்னைத் திருப்பிக் கேட்பார்கள் என்றார். நாங்கள் தெருவழியாகத்தான் போக வேண்டும்.

தெருவில் ஓட்டுச் சில்லுகளைப் பரப்பி வைத்திருந்தார்கள். வாசல்தோறும் கம்போடு ஒருவர் நின்றார். நாய்கள் குரைக்கவில்லை. காத்திருந்தன.

செல்வினின் வண்டி வழுக்கவில்லை. சில்லுகளைத் தாண்டி நேராகப் போய்க்கொண்டிருந்தது. தெருவின் பாதியில் அவர் வேகத்தைக் குறைத்தார். ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தார். ஹெல்மெட்டுக்குள் முகம் தெரியவில்லை. பிறகு இடது காலை எடுத்துத் தரையில் வைத்தார். தன் ஊர் நிறுத்தத்தில் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர் மாதிரி, நிதானமாக வைத்தார்.

ஒரு கிழவி வீட்டுக்குள்ளிருந்து வந்தாள். "எங்கல போய்த் தொலஞ்ச? மோட்டாரு ரெண்டு நாளா ஓடல," என்றாள்.

"பாக்கேன்," என்று செல்வின் சொன்னார். ஹெல்மெட்டைக் கிழவியிடம் கொடுத்துவிட்டு பம்புசெட் அறைக்குள் போனார். அவருடைய வண்டியின் டயர்கள் அதற்குள் மண்ணில் பாதி இறங்கியிருந்தன.

என்னால் நிற்க முடியாது. நின்றால் கால் ஊன்ற வேண்டும். தெருவின் கோடிவரை போய்த் திரும்பினேன். மறுபடியும் திரும்பினேன். ஒவ்வொரு முறையும் தெரு கொஞ்சம் நீண்டது. மூன்றாவது சுற்றில் ஊரின் எழுத்தர் ஒரு அட்டையும் பேனாவும் எடுத்துக்கொண்டு என் வண்டிக்குப் பக்கத்தில் நடந்துவந்தார். ஒல்லியான மனிதர். சட்டையில் எல்லாப் பொத்தான்களையும் போட்டிருந்தார்.

"ஊருக்குள்ள சுத்துறதுக்குக் காரணம் எழுதணும்மா," என்றார்.

"அது என் வீட்டுக்காரரு."

"யாரு?"

"அந்தப் பம்புசெட்டுல நிக்கவரு."

"அவரு எங்க ஊர்க்காரரு."

"ரெண்டு நிமிசத்துக்கு முன்னாடி அவரு தூத்துக்குடி."

"ரெண்டு நிமிசம் ஆயிட்டுல்லா," என்றார் எழுத்தர். அட்டையைப் புரட்டினார். "வீட்டுக்காரருன்னு சொன்னா மூணு கேள்வி உண்டு. மூணும் சரியா இருந்தா கூட்டிட்டுப் போலாம். எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பாரு?"

"செவரப் பாத்து."

"சரி. இலையில மொதல்ல எதைத் தொடுவாரு?"

"அப்பளம்."

"சரி. எந்தக் காலை ஊணுவாரு?"

இது எனக்கு நன்றாகத் தெரியும். கல்யாணமான புதிதில் அவர் பைக்கோடு விழுந்தார். இடது முட்டியில் தகடு வைத்தார்கள். மூன்று மாதம் நான்தான் அவரைக் குளிக்க வைத்தேன்.

"வலது," என்றேன். "இடது கால்ல பாரம் போட மாட்டாரு."

"தப்பு. இன்னைக்கு இடது காலை ஊணினாரு." அட்டையில் ஒரு கோடு கிழித்தார். அவர் என்னைப் பார்த்துப் பரிதாபப்படவில்லை. அதற்கு அந்தத் தாளில் கட்டம் இல்லை.

"அப்பம் நானும் இங்கயே ஊணிக்கிடுதேன்."

"அது முடியாது. ஒரு ஆளுதான் குறைஞ்சுது. ஊரு நெறஞ்சிட்டு. இனி ஊணினா காலை வாங்கிக்கிடுவோம்."

"காலையா?"

"காலை மட்டும். ஆளை விட்டுருவோம்," என்றார் எழுத்தர்.

வாசலில் நின்றவர்கள் கம்பை நீட்டி என் சக்கரத்தில் விட்டுப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒருவர் என் முழங்கையில் அடித்தார். அடித்துவிட்டு, வலித்ததா என்று கவனமாகப் பார்த்தார். நான் பம்புசெட் அறைப் பக்கம் வண்டியைத் திருப்பினேன். செல்வின் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"ஏறுங்க," என்றேன்.

"யாருக்கா நீங்க?"

அவர் என்னை அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நான் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தேன். ஏறவே பயப்படுகிற எழுபது கிலோ பெண்களை வண்டியில் ஏற்றிப் பழகிய கை எனக்கு. அவர் பின் இருக்கையில் வந்து விழுந்தார். கிழவி கத்தினாள். நான் ஆக்சிலேட்டரை முறுக்கினேன்.

மூன்று கிலோமீட்டர் ஓட்டினேன். ஊர் முடியவில்லை. அதே சுண்ணாம்புச் சுவர் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. பம்புசெட் அறையும் வந்தது. கிழவி வாசலில் நின்றபடியே வந்தாள். ஸ்பீடோமீட்டர் நாற்பது காட்டியது. எழுத்தர் பக்கத்தில் நடந்துகொண்டிருந்தார்.

"ஊர்க்காரரு இருக்க எடம் ஊருதாம்மா," என்றார். அவருக்கு மூச்சு வாங்கவில்லை.

"விடுங்கக்கா," என்று செல்வின் பின்னாலிருந்து சொன்னார். "எனக்கு வேலை கெடக்கு."

"வேணும்னுதான ஊணினீங்க?" என்று கேட்டேன்.

ஒரு கிலோமீட்டர் போனது. சுவர் போனது. சுவர் வந்தது.

"கால் வலிச்சுது," என்றார்.

"எப்ப?"

"ரொம்ப நாளா தூக்கியே வச்சிருந்தேன் ரோஸ்லின்."

அவர் என் பெயரைச் சொல்லி ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது இன்ஜின் இரண்டு முறை இருமியது. பெட்ரோல் தீர்ந்துவிட்டது.

வண்டி மெதுவானது. ஊரும் மெதுவானது. கம்போடு நின்றவர்கள் வாசலைவிட்டு இறங்கி வந்தார்கள். ஒருவர் கையில் அரிவாள் இருந்தது. இன்னொருவர் ஒரு சாக்கின் வாயை விரித்துப் பிடித்திருந்தார். எழுத்தர் பேனாவின் மூடியைக் கழற்றினார். வண்டி வலது பக்கம் சாய்ந்தது. என் கால் தானாகவே இறங்கியது. அத்தனை வருடமாக நான் சொல்லிக்கொடுத்த பாடம்.

"ஊணாத," என்றார் செல்வின்.

வண்டி சாயாமல் நின்றது. அவர் பின்னால் உட்கார்ந்தபடியே இரண்டு கால்களையும் அகட்டி ஊன்றியிருந்தார். நான் காலை இழுத்துக்கொண்டு ஃபுட்ரெஸ்டில் எழுந்து நின்றேன்.

அரிவாள்காரர் எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் குனிந்து செல்வினின் கால்களைப் பார்த்தார். "ரெண்டும் ஊர்க் காலுதான். ஒண்ணும் செய்ய முடியாது," என்றார். யாரும் கலைந்து போகவில்லை. என்னைச் சுற்றி நெருக்கமாக நின்றுகொண்டு என் பூட்ஸையே பார்த்தார்கள்.

வெயில் நகரவில்லை. அவருடைய இடது முட்டி நடுங்குவது வண்டி வழியாக எனக்குத் தெரிந்தது. வண்டியின் எடையும் என் எடையும் அந்த முட்டியில் இருந்தன.

"எதுக்குப் பிடிச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"நீ இங்க கெடந்தா நான் எங்க போறது," என்றார்.

அவர் கோபமாகச் சொல்லவில்லை. நானும் கோபப்படவில்லை. நாங்கள் அந்த மாதிரி உட்கார்ந்து பேசிப் பல நாளாகியிருந்தது. நான் நின்றுகொண்டிருந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. தெருக்கோடியில் பிச்சைக்கனியின் வண்டிச் சத்தம் கேட்டது. அவர் ஊருக்குள் வந்துவிட்டார். எல்லோரும் ஒரே நேரத்தில் குனிந்து கல்லை எடுத்தார்கள். "ஏ பிச்சை, எறங்குல," என்று கிழவி கத்தினாள். ஒரு கல் அவர் காதில் பட்டது. அவர் நிற்காமல் எங்களைச் சுற்றி ஒரு வட்டம் அடித்து, பெட்ரோல் நிரப்பிய தண்ணீர் பாட்டிலை வீசினார். செல்வின் ஒரு கையால் பிடித்தார். என்னிடம் கொடுத்தார். நான் டேங்க்கைத் திறந்து ஊற்றினேன். கொஞ்சம் என் தொடையில் சிந்தியது.

"செகண்டுல போடு," என்றார்.

போட்டேன். அவர் காலால் தரையை உதைத்து உதைத்து வண்டியை முன்னால் தள்ளினார். கிளட்சை விட்டேன். இன்ஜின் பிடித்துக்கொண்டது. பின் இருக்கை லேசானது.

கண்ணாடியில் பார்த்தேன். அவர் தெரு நடுவில் நின்று முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எழுத்தர் அவரிடம் ஏதோ கேட்டார். அவர் பம்புசெட் பக்கம் கையைக் காட்டினார். அடுத்த முறை பார்த்தபோது கண்ணாடியில் உடைமுள் மரங்கள் மட்டும் இருந்தன.

பிச்சைக்கனி மெதுவாக என் பக்கத்தில் வந்தார். காதிலிருந்து ரத்தம் வடிந்து சட்டைக் காலருக்குள் போய்க்கொண்டிருந்தது. அதை அவர் துடைக்கவில்லை.

"சார் என்ன சொன்னாரு?" என்று கேட்டார்.

"கால் வலிச்சுதாம்."

அவர் தலையை ஆட்டினார். கொஞ்ச தூரம் பக்கம் பக்கமாக ஓட்டினோம்.

"ஒங்களுக்கு வலிக்கா?"

"வலிக்குது," என்றேன்.

"இன்னும் ரெண்டு நாள் இருக்கு மேடம்," என்று சொல்லிவிட்டு முன்னால் போனார்.

பாதை குறுகியது. இரண்டு பக்கமும் முள் என் பூட்ஸை உரசிக்கொண்டே வந்தது. நான் உட்காராமல், நின்றபடியே ஓட்டினேன்.