காற்று மெத்தைக்கு ஒரு மோட்டார்

பிரேமலதா தன் வாஷிங் மெஷினைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு பாலக்கரைக்கு வந்தது, ஹபீபுல்லாவின் காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிட்டுப் போவதற்காக. பத்தொன்பது வருஷம் அரபு நாட்டில், தம்மாமில் வாஷிங் மெஷினும் ஏசியும் பழுது பார்த்தவர் ஹபீபுல்லா. பின்மூடியைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தார்.

“போர்டுதான் எரிஞ்சிருக்கும்மா. மோட்டார் புதுசு மாதிரி இருக்கு. வேற போர்டு போட்டுத் தரட்டுமா?”

“வேணாம் பாய். எங்க பக்கம் கரண்டு படுத்துற பாட்டுக்கு அதுவும் போயிடும். துணியைக் கையால தொவைச்சுக்குவேன். எங்க வீட்டுக்காரருக்கு ஒரு வழி பண்ண முடியலையேன்னுதான்...”

ஹபீபுல்லா கேட்காமலே மீதியையும் சொன்னாள். கணவர் ரங்கசாமி திருவெறும்பூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. படுக்கைப்புண் வராமலிருக்கக் காற்று மெத்தை. அதற்குக் காற்றடிக்கும் சின்ன பம்ப் எந்நேரமும் ஓட வேண்டும். போன மாதம் அடித்த காற்றில் அவர்கள் ஊரான திருவளர்ச்சோலையில் மின்கம்பம் சாய்ந்து இரண்டு நாள் கரண்டு இல்லை. பழைய இன்வெர்ட்டர் ஆறு மணி நேரம்தான் தாங்கியது. மெத்தை தட்டையாகி, இடுப்புக்கு மேல் புண் வந்துவிட்டது.

“சோலார் போட்டா என்ன?”

“சுத்தியும் வாழை, தென்னை. பகல்லயே லைட்டைப் போட்டுத்தான் சமைக்கிறேன்.”

“தண்ணி ஓடுதா பக்கத்துல?”

“கொல்லையிலயே எங்க வாய்க்கால் ஓடுதே.”

ஹபீபுல்லா மோட்டாரைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அதன் ஒயர்களில் இரண்டை ஒரு சின்ன பல்போடு சேர்த்து, மோட்டாரின் வட்டமான மூடியைக் கையால் ஒரு சுழற்று சுழற்றினார். பல்பு பளிச்சென்று எரிந்து அணைந்தது.

“உள்ள காந்தம் இருக்கும்மா. கரண்டு கொடுத்தா இது சுத்தும். நாம சுத்திவிட்டா கரண்டு கொடுக்கும். உங்க பம்புக்கு ஒரு நைட் லேம்ப் அளவு கரண்டு போதும்.”

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடித்துக்கொண்டு அவர் திருவளர்ச்சோலைக்குப் போனார். அதே மெஷினின் எவர்சில்வர் டிரம்மைச் சுற்றித் தகடுகள் அடித்து, தண்ணீர் தள்ளும் சக்கரமாக்கி வைத்திருந்தார். கொல்லையில் கிடந்த பழைய சைக்கிள் ஒன்றின் செயினைப் போட்டுச் சக்கரத்தை மோட்டாரோடு இணைத்தார். அங்கிருந்து ஒயர் ஒரு பேட்டரிக்கு, பேட்டரியிலிருந்து பழைய இன்வெர்ட்டர் வழியாகப் பம்புக்கு. வாய்க்காலில் இறக்கியதும் சக்கரம் சுற்றத் தொடங்கியது. மீட்டரில் முள் ஏறியது, இறங்கியது, நிற்கவில்லை. அரை மணி நேரம் செயினை இறுக்கியும் தளர்த்தியும் பார்த்தார். பிடிபடவில்லை.

வீட்டுக்குள்ளிருந்து குழறலாக ஒரு குரல் வந்தது. பிரேமலதா உள்ளே ஓடிப்போய்க் கேட்டுவிட்டுத் திரும்பினாள். அவள் முகத்தில் ஆச்சரியம் இருந்தது.

“சக்கரம் நடுவுல உக்காரலையாம் பாய். ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு தடவை தட்டுதாம். அச்சைக் கழட்டி மாட்டச் சொல்றார்.”

கழற்றிப் பார்த்தால் ஒரு நூல் அளவு விலகியிருந்தது. சரி செய்ததும் முள் நிலைத்தது. உள்ளே போய், “அண்ணே, படுத்துக்கிட்டே கண்டுபிடிச்சிட்டீங்களே!” என்றார் ஹபீபுல்லா. ரங்கசாமி அவரைப் பார்த்தார்.

கார்த்திகையில் புயல் வந்தது. காலையிலேயே கரண்டு போனது. பம்ப் நிற்காமல் ஓடியதில் பிரேமலதா நிம்மதியாக இருந்தாள். ஆனால் மதியத்துக்குள் வாய்க்காலில் தண்ணீர் வடிந்து, சக்கரம் நின்றுவிட்டது. கரை உடைந்துவிடக் கூடாதென்று மேலே மதகில் ஷட்டரை இறக்கிவிட்டார்களாம். அவள் போன் செய்ததும் ஹபீபுல்லா சத்திரம் பேருந்து நிலையத்துக்கு வந்து, கிடைத்த பஸ்ஸில் ஏறி, திருவளர்ச்சோலையில் நனைந்தபடி இறங்கினார். சேற்றில் நின்ற சக்கரத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

“மழைக்காலத்துலதான் தண்ணி நிறைய ஓடும்னு நினைச்சேம்மா. அப்பத்தான் அடைப்பாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல. உங்களை நம்ப வச்சுட்டேன்.”

“இப்ப அதைப் பேசி என்ன பாய்? பேட்டரி சாயங்காலம் வரைக்கும்கூட வராது போலிருக்கு.”

ஹபீபுல்லா செயினைக் கழற்றினார். மோட்டாரையும் அந்தப் பழைய சைக்கிளையும் ரங்கசாமியின் கட்டில் கிடந்த கூடத்துக்குத் தூக்கி வந்து, பெடலோடு மோட்டாரைச் செயினால் இணைத்தார். முதலில் அவர் மிதித்தார். அரை மணி நேரத்தில் மூச்சு வாங்கியது. பிறகு பிரேமலதா புடவையைச் செருகிக்கொண்டு மிதித்தாள். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. மூன்றாவது முறை அவர் இறங்கியபோது, ரங்கசாமி இடது கையைத் தூக்கிக் கட்டிலின் ஓரத்தைத் தட்டினார்.

“இங்க... இங்க வைங்க.”

இருவருக்கும் முதலில் புரியவில்லை. புரிந்ததும் பிரேமலதா, “உங்களால முடியாதுங்க” என்றாள். வாரம் ஒரு முறை வரும் பிசியோதெரபிஸ்ட், அந்தக் கையையாவது அசைக்கச் சொல்லி எத்தனையோ முறை கெஞ்சியிருந்தார். எதுக்கு என்று கேட்டுவிட்டு ரங்கசாமி முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஹபீபுல்லா சைக்கிளைக் கட்டிலோரம் சாய்த்து, பெடல் அவர் கைக்கு எட்டும்படி முட்டுக் கொடுத்தார். ரங்கசாமி பிடித்தார். முதல் சுற்று பாதியில் நின்றது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி தள்ளினார். சுற்றியது. மீட்டர் முள் லேசாக எழுந்தது. பத்து நிமிஷம் சுற்றினார். அவர் நெற்றியில் வியர்வையைப் பார்த்து பிரேமலதா துண்டை எடுத்தாள். துடைக்காமல் அதைத் தன் வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

இரண்டு நாள் மூன்று பேரும் மாற்றி மாற்றிச் சுற்றினார்கள். மூன்றாம் நாள் கரண்டு வந்தது. மெத்தை ஒரு முறைகூடத் தட்டையாகவில்லை. தை பிறந்தபோது புண் காய்ந்திருந்தது. ரங்கசாமியால் இன்னமும் எழுந்து உட்கார முடியாது. ஆனால் தினமும் காபி குடித்ததும் பெடலைக் கேட்கிறார்.

சைக்கிள் பெடல் அந்தக் கைக்கு ரொம்ப கனம். அதனால் ஹபீபுல்லா இப்போது கடைக்கு வந்த இன்னொரு மெஷினின் மோட்டாரில், கட்டிலோடு பொருத்தும் விதமாகக் குட்டையான கைப்பிடி ஒன்று செய்துகொண்டிருக்கிறார்.