பைன் காய்க் கிரீடம்

எடின்பரோ இலச்சினை நீதிமன்றத்திலிருந்து ஓர் அதிகாரி புது மன்றத்தின் திறப்பு விழாவுக்கு வருகிறார் என்று கேள்விப்பட்டதும் நெட்டா பெயின்ட் சுரண்டும் தகட்டைத் தேடி எடுத்தாள். ஸ்காட்லாந்தில் இலச்சினையோடு விளையாடினால் வழக்கு வரும். பக்கத்து ஊரில் அனுமதியில்லாத இலச்சினையோடு மாட்டிய மதுக்கடைப் பலகையைக் கழற்றி உடைத்தே போட்டார்கள்.

நெட்டா, போர்ட் கின்னார் துறைமுகத்தில் பெயர்ப்பலகை எழுதுகிறவள். ஊர்க் குழுவின் புது மன்றச் சுவரில் இலச்சினை வரைந்தவள் அவள்தான். கேடயத்துக்குள் கிரீடம், செங்கோல், வாள். அவை முறைப்படி கிடைத்தவை. ஒரு காலத்தில் ராஜாவின் அந்தச் சாமான்களை எதிரி கண்ணில் படாமல் ஒளித்து வைத்த ஊராயிற்றே. ஆனால் கேடயத்தின் தலைமேல் ராஜா கிரீடம் ராஜாவுக்கு மட்டும்தான்; ஊர்க் குழுவுக்கு உரியது பைன் காய் வைத்த கிரீடம்தான். அதைத் தங்கப் பூச்சில் ஒழுங்காக முடித்திருந்தாள். வார்னிஷ்கூடக் காய்ந்துவிட்டது. அப்போதுதான் குழுத் தலைவர் டஃபஸ் வந்து பார்த்தார்.

"என்னம்மா இது, நம்ம ஊரு தலையில காயைக் கட்டி வச்சிருக்க? ராஜா கிரீடத்தைப் போடு. எவனாவது கேட்டா நான் பாத்துக்கிறேன்."

வேலை கொடுக்கிறவர் சொல்கிறாரே என்று அதன் மேலேயே ராஜா கிரீடத்தைப் பூசிவிட்டாள். புத்தி எங்கே போயிற்றோ!

விழா அன்று காலை சுரண்டும் தகடோடு போய் நின்றாள். டஃபஸ் விடவில்லை. ஏணியை உள்ளே பூட்டிவிட்டு, சரியான பயந்தாங்கொள்ளி என்று எல்லார் முன்னாலும் சிரித்தார்.

அதிகாரி வந்தார். சுவரை நிமிர்ந்து பார்த்தார். கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்துவிட்டு, தலைமேல் அந்தக் கிரீடத்தைப் போட்டது யார் என்று கேட்டார். நெட்டா டஃபஸைப் பார்த்தாள்.

"இந்தம்மாதாங்க," என்றார் டஃபஸ். "பைன் காயைப் போடுன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேக்கலை."

நெட்டா வாயெடுப்பதற்குள் கூட்டம் அவள் பக்கம் திரும்பிவிட்டது. வழக்கு, அபராதம், இனி இந்தக் கரையில் ஒரு படகுக்குப் பெயர் எழுதக்கூட யாரும் கூப்பிட மாட்டார்கள். அழுகைதான் வந்தது. இப்போதே அதை எடுத்தாக வேண்டும் என்றார் அதிகாரி. டஃபஸே ஓடிப்போய் ஏணியைக் கொண்டுவந்து சாத்தி, தானே பிடித்துக்கொண்டார்.

ஏறினாள். அவள் நடுக்கத்தில் ஏணி ஆடியது. சுரண்டச் சுரண்ட ராஜா கிரீடத்தின் சிவப்பு உரிந்தது. அடியில், காய்ந்த வார்னிஷுக்குள் சிதையாமல், தங்கமாய் ஒரு பைன் காய் எட்டிப் பார்த்தது. பயத்தில் அவளே அதை மறந்திருந்தாள். பக்கத்தில் இன்னொன்று. கீழே யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அதிகாரி டஃபஸ் பக்கம் திரும்பினார். "அவங்க முதல்லயே சரியாத்தான வரைஞ்சிருக்காங்க. மேல பூசச் சொன்னது யாருங்க?"

டஃபஸ் ஏணியை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டார். நெட்டாவின் காலடியில் ஏணி நடுங்கத் தொடங்கியது. இந்தத் தடவை அது அவள் நடுக்கம் இல்லை.