மோட்டார் ஆமையும் கம்பளச் சுறாவும்

பொருட்காட்சி மீன்கூடத்தில் இருந்த கடல் ஆமை வெறும் பொம்மை. உயிருள்ள ஆமையை அடைத்து வைக்கச் சட்டம் விடாது. அதனால் கூடத்தை நடத்தும் சகாயராஜ் அண்ணன் ஃபைபரில் ஒன்று செய்து, மோட்டார் பொருத்தித் தொட்டியில் விட்டிருந்தார். பக்கத்துத் தொட்டியில் கிடந்த கம்பளச் சுறா நிஜம். அது அசையாது.

இரண்டையும் ஒப்பிட்டு விளக்க விலங்கியல் படித்த இருவரை வேலைக்கு எடுத்தார். நானும் சத்யபிரியாவும். கல்லூரியில் ஒரே பெஞ்ச். பேச்சை நான் எழுதினேன். ஆமை அவளுக்கு, சுறா எனக்கு. கூட்டத்தைக் கண்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்பதை அவளிடம் மட்டும் சொல்லியிருந்தேன்.

"நான் பக்கத்துல நிக்கிறேன்டி. என்னையப் பாத்துப் பேசு," என்றாள்.

காட்சி தொடங்கிய முதல் நாளே அப்பா கடலை பறிப்பை விட்டுவிட்டுக் குஜிலியம்பாறையிலிருந்து வந்துவிட்டார். "உன் படிப்பு என்னத்துக்கு ஆகும்னு ஊர்ல கேக்குறாய்ங்க. பாத்துட்டுப் போய்ச் சொல்றேன்."

சத்யபிரியா ஆமையை முடித்தாள். நான் கையை நீட்டினேன். மைக் வரவில்லை.

"அடுத்தது கம்பளச் சுறா. ஆமை மூச்சு விட மேலே வந்தாக வேண்டும். இதற்குத் தேவையில்லை. ஆமைக்கு ஓடு காவல். இதற்குத் தரையோடு தரையாகத் தெரியும் தோல்தான் காவல். இரண்டுமே முட்டையிட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடும்."

அவள் நிறுத்திய இடங்கள்கூட நான் குறித்துக் கொடுத்தவை.

சகாயராஜ் அண்ணனிடம் போனேன். "நீதானம்மா மாத்தச் சொன்ன? கூட்டத்தப் பாத்தா நாக்கு ஒட்டிக்கிருமாம்ல. நேத்துக் காலையிலயே அந்தப் புள்ள சொல்லிருச்சு. நீ டிக்கெட்டக் கிழி, போதும்."

நேற்று மாலை அவளும் நானும் நான்கு தடவை ஒத்திகை பார்த்தோம். நான் சுறாவைச் சொல்லும்போதெல்லாம் அவள் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்தபோது ஓர் அக்கா கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தார். "ஆமை நல்லா நீந்துது. இந்த மீனு செத்துப்போச்சு போலயே, எடுத்துப் போடக் கூடாதா?"

கூட்டம் சிரித்தது. சத்யபிரியா தாளைப் புரட்டினாள். அதில் பதில் இல்லை. சுறா என் பங்கு என்பதால் எனக்குத் தெரிந்ததையெல்லாம் நான் எழுதவில்லை. அவள் மைக்கை என்னிடம் நீட்டினாள்.

"சொல்லுடி," என்றாள், பழையபடி மெதுவாக.

நான் வாங்கவில்லை. அந்த அக்காவிடம் போனேன். "செவுளைப் பாருங்கக்கா. தெறந்து மூடுது. கெடந்த எடத்துலயே மூச்சு விடும். ஆமைதான் பொம்மை."

அப்பாவும் குனிந்து, கண்ணாடியில் நெற்றி முட்டப் பார்த்தார்.

"ஆமா, மூச்சு விடுது," என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "இம்புட்டுத் தெரிஞ்சவ, அந்தப் புள்ளைய ஏன் பேச விட்ட?"

சத்யபிரியாவின் கை மைக்கோடு இன்னும் என் பக்கம் நீண்டே இருந்தது.

"நான் விடலப்பா," என்றேன்.

அது மைக்கில் விழுந்து கூடம் முழுக்கக் கேட்டது.